கூடை வந்த வழியே பூண்டி வரை

அம்பத்தூர்

எங்கள் தெருவில் சில வீடுகள் சேர்ந்து பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறு தோட்டத்தில் பங்கு சேர்ந்திருக்கிறோம். தை மாதம் விதை போடும்போதே தொகையில் பாதியைக் கொடுத்துவிட வேண்டும். மாசிக் கடைசியில் வெண்டைக்காயோடு கூடை வரத் தொடங்கும். ஆடி வரை வாரம் ஒருமுறை வரும். கூடையில் என்ன இருக்க வேண்டும் என்று நாங்கள் கேட்க முடியாது. மண்ணும் வெயிலும் கொடுத்ததை வீட்டுக்கு இவ்வளவு என்று பகிர்ந்து அனுப்புவார்கள். விளைச்சல் நன்றாக இருந்தால் கூடை கனக்கும். இல்லையென்றால் அதே பணத்துக்கு இளைத்த கூடைதான். நட்டம் வந்தால் உழுகிறவர் தலையில் மட்டும் விழாமல் சாப்பிடுகிறவரும் தோள் கொடுக்கும் ஏற்பாடு இது.

ஜப்பானில் 1971-ல் இயற்கை வேளாண்மைச் சங்கம் உருவான காலத்தில், குடும்பங்கள் பண்ணைகளோடு நேரடியாகக் கைகோக்கும் தெய்கெய் என்ற முறை அங்கே பரவியது. 1986-ல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் இரண்டு பண்ணைகள் இதே பாதையில் தொடங்கின. நம் பக்கத்தில், ஆரோவில்லில் கிருஷ்ணா மெக்கன்சி நடத்தும் சாலிட்யூட் பண்ணை தன் விளைச்சலைக் கூடையாக வீடுகளுக்கு அனுப்புகிறது. சென்னையில் அடையாறு ஓ.எஃப்.எம்., கொட்டிவாக்கம் ரீஸ்டோர் போன்ற அங்காடிகள் இயற்கை உழவர்களையும் நகரத்துச் சமையலறைகளையும் இணைத்தன. எல்லாம் தெற்கே. தோட்டங்களுக்கு அருகில் இருக்கும் மேற்குச் சென்னைக்காரர்களான நாம் இதில் இன்னும் வேகமாக நடந்திருக்க வேண்டும்.

சித்திரை பிறந்ததும் தெருவில் முணுமுணுப்பு கிளம்பியது. தக்காளி எங்கே, பீன்ஸ் எங்கே, வாராவாரம் சுரைக்காயையும் கொத்தவரங்காயையும் வைத்து என்ன சமைப்பது என்று. பதில் தோட்டத்தில்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்த நேரத்தில் பெரியம்மாவை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். அவர் பிறந்தது திருவள்ளூர்ப் பக்கம். திருமணமாகி வந்தது அம்பத்தூருக்கு. 1964-ல் தொழிற்பேட்டை வந்த பிறகும் கொரட்டூர் ஏரியின் கீழே நெல் விளைந்ததைப் பார்த்தவர். இன்று அந்த வயல்களின் மேல் பட்டறைகளும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. ஸ்டேஷனுக்குப் போகும் வழியெல்லாம் எது யாருடைய கழனி என்று கைகாட்டிக்கொண்டே வந்தார்.

ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர்

காலையில் மேற்கு நோக்கிப் போகிறவர்கள் குறைவு. எதிர்த்திசையில் சென்ட்ரலுக்குப் போகும் வண்டிகளில்தான் கூட்டம் தொங்குகிறது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே கீரைக் கட்டு, வெள்ளரிப் பிஞ்சு, நுங்கு, மல்லிகைச் சரம் எல்லாம் நகரத்துக்குள் போகின்றன. ஈரச் சாக்கு போர்த்திய கூடையை வாசலோரம் இறக்கிவைத்து, அதன் பக்கத்திலேயே குந்திக்கொள்ளும் பெண்களை அம்பத்தூர் நடைமேடையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர்கள் எந்த ஊரில் எத்தனை மணிக்கு எழுந்து வந்தார்கள் என்று கேட்டதில்லை. அன்று எங்கள் பெட்டியில் ஒருவர் காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். விடிகாலை முதல் வண்டியில் முளைக்கீரை கொண்டுவந்து விற்றுவிட்டு ஊர் திரும்புகிறார். வெயில் ஏறிவிட்டால் கீரை வாடும், விலை பாதியாகும் என்றார். "பத்து ரூபா கட்ட அஞ்சுக்குக் கேப்பாங்கம்மா. தண்ணி தெளிச்சுத் தெளிச்சுக் கைதான் ஊறிப்போவும்."

இந்தத் தண்டவாளம் பழையது. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு இந்த வழியாகத்தான் போனது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து குடிதண்ணீரை ஏற்றி வந்த ரயில் இதே தடத்தில் வில்லிவாக்கம் வந்து நின்றது. ஜூலை 12 அன்று வந்த முதல் வண்டியில் ஐம்பது வேகன்கள், இருபத்தைந்து லட்சம் லிட்டர். காயும் வேண்டும், தண்ணீரும் வேண்டும் என்றால் நகரம் கை நீட்டுவது மேற்கே.

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையின் மதில் நீண்டுகொண்டே போகிறது. பட்டாபிராமில் 2024 நவம்பரில் திறந்த டைடல் பூங்காவின் இருபத்தொரு மாடிகள் தொலைவிலிருந்தே தெரிகின்றன. நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலை ரயில் பாதையைக் கடக்கிறது. அதைத் தாண்டியதும் வயல் வரும் என்று காத்திருந்தேன். வந்தது மனைப்பிரிவுதான். வெள்ளைக் கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி, காலி நிலத்தில் ஒரு வளைவு. அடுத்த வளைவு. நடுவில் யாரோ பிடிவாதமாக வைத்திருக்கும் ஒரு கத்தரித் துண்டு. திருநின்றவூர் ஏரியின் ஈரக்காற்று ஜன்னல் வழியே வந்த பிறகுதான் பெரியம்மா முகம் தெளிந்தது.

செவ்வாப்பேட்டை ரோடு

இங்கே நாங்கள் இறங்கவில்லை. ஆனால் சோற்றைப் பற்றிப் பேசாமல் காய்கறியைப் பற்றி எழுத முடியாது. செவ்வாப்பேட்டைக்கு அருகே திரூரில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.கே.எம். என்று தொடங்கும் நெல் ரகங்கள் திரூர்க்குப்பத்தின் பெயரைத் தாங்கியவை. தண்டுத்துளைப்பானைத் தாங்கி நிற்கும் டி.கே.எம். 6, பிலிப்பைன்ஸ் வரை போய், ஐ.ஆர். 20 என்ற ரகத்துக்குப் பெற்றோராக அமைந்தது. ஐ.ஆர். 20 சோறு சாப்பிடாத தமிழ்க் குடும்பம் இருக்காது. நாம் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே கடக்கும் ஊர் இது.

திருவள்ளூர்

திருவள்ளூரில் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பது வழக்கம். நோய் தீர வேண்டிக்கொண்டவர்கள் அமாவாசைக்கு வந்து கரைப்பார்கள். பெரியம்மா வீட்டிலிருந்தே ஒரு கட்டி எடுத்து வந்திருந்தார். அவர் படியில் இறங்கி நின்ற நேரத்தில் நான் கடைத்தெருப் பக்கம் போனேன்.

ஆந்திர எல்லை பக்கத்தில் இருப்பது காய்க்கடைகளிலேயே தெரிந்தது. மஞ்சள் உருண்டையாக தோசைக்காய், சிவந்த தண்டோடு புளிச்சக்கீரைக் கட்டு. வாங்குகிறவர் தெலுங்கில் கேட்க, விற்கிறவர் தமிழில் விலை சொல்ல, வியாபாரம் தடையில்லாமல் நடந்தது. "தோசக்கா பப்பு வெச்சிருக்கியா? தக்காளியே வாணாம். இதுலயே புளிப்பு இருக்குது" என்று கடைக்கார ஆயா ஒன்றை என் பையில் போட்டார். அம்பத்தூரில் மேஸ்திரி வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் வந்து தங்கிய ஆந்திரக் குடும்பங்கள் வீட்டில் இந்தப் பருப்பைச் சாப்பிட்டிருக்கிறேன். அந்தக் காய் இவ்வளவு பக்கத்தில் கிடைக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

பூண்டி

பேருந்து பூண்டிக்குப் போகும் சாலையில் மாந்தோப்புகள் வருகின்றன. பிறகு அணை. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டி 1944-ல் முடித்தார்கள். சென்னை மேயராக இருந்து இதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. நாங்கள் போனபோது தண்ணீர் உள்வாங்கி, கரையோரச் சேறு வெடித்திருந்தது. கிருஷ்ணா நீர் 1996-ல் முதன்முதலாக வந்து சேர்ந்ததும் இங்கேதான். சற்றுத் தள்ளி அத்திரம்பாக்கம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவற்றில் பழையவை 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. இந்த ஆற்றங்கரையில் மனிதர்கள் உணவு தேடத் தொடங்கி அவ்வளவு காலம் ஆகிறது.

தோட்டம் இரண்டு ஏக்கர். மணல் கலந்த செம்மண். கணவனும் மனைவியும் பார்த்துக்கொள்கிறார்கள். அறுவடைக்கு மட்டும் அக்கம்பக்கத்துப் பெண்கள் வருவார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலைப் பறிப்பு முடிந்து, காய்கள் வேப்பமர நிழலில் வாழைச்சருகின் மேல் கிடந்தன. "வாங்கக்கா, வாங்க ஆயா. வெயில் ஏறுறதுக்குள்ள பறிச்சுடணும், இல்லன்னா சூட்டோட பையில போனா வதங்கிடும்" என்று சொல்லிக்கொண்டே செம்பில் மோர் கொண்டுவந்தாள் அந்தப் பெண்.

தெருவின் முணுமுணுப்பை அவளிடம் அப்படியே சொன்னேன். அவள் என்னைத் தோட்டத்தின் மூலைக்கு அழைத்துப் போனாள். தக்காளிச் செடிகள் இருந்தன. பச்சையாகத்தான் இருந்தன. காலடியில் மஞ்சள் பூக்கள் உதிர்ந்து காய்ந்து கிடந்தன. "பூ வெக்கும்க்கா, நிக்காது. ராத்திரியும் சூடு எறங்க மாட்டேங்குதே. மதனப்பள்ளி மேட்டு நெலம், அங்க குளிர்ச்சி, காய்க்குது. நம்ம கீழ்நாட்டுல வைகாசி வரைக்கும் தக்காளிய நம்பக்கூடாது." பகலில் நாற்பது டிகிரியை எட்டி, இரவிலும் வெப்பம் தணியாதபோது தக்காளியின் மகரந்தம் வலுவிழந்துவிடுகிறது. கோடையில் கோயம்பேட்டுக்கு வரும் தக்காளி மதனப்பள்ளி, கோலார்ப் பக்கத்து மேட்டுநிலத்திலிருந்து இறங்குவது. பீன்ஸும் கேரட்டும் மலைச் சரக்கு. நம் பாட்டிகள் அவற்றை இங்கிலீஷ் காய் என்று சொன்னார்கள்.

அதே வெயிலில் பந்தல் செழித்திருந்தது. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, மேலே பீர்க்கை, புடலை, பாகல், சுரை. புடலம்பிஞ்சுகளின் நுனியில் சிறு கல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சுருளாமல் நேராக வளரும். வேர்ப்பக்கம் வைக்கோலும் சருகும் போட்டு மூடாக்கு. பிளாஸ்டிக் பாட்டிலில் துளையிட்டு, உள்ளே நனைத்த கருவாட்டுத் தூள் வைத்துத் தூணுக்குத் தூண் கட்டியிருந்தார்கள். காயைத் துளைத்து முட்டையிடும் பழ ஈ அந்த வாடைக்கு வந்து மாட்டிக்கொள்கிறது. பந்தலுக்கு அப்பால் கொத்தவரை. அதற்குப் பந்தலும் வேண்டாம், அதிகத் தண்ணீரும் வேண்டாம்; வேரை ஆழமாக விட்டு, முடிச்சுகளில் தழைச்சத்தைச் சேர்த்து, அடுத்த பயிருக்கும் மண்ணைக் கொழுக்க வைத்துவிட்டுப் போகிறது.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மணி இரண்டு இருக்கும். கேழ்வரகுக் களி, புளிச்சக்கீரைக் கடைசல், கத்தரிக்காயும் காராமணியும் போட்ட கருவாட்டுக் குழம்பு. குழம்பில் பச்சை மாங்காய்த் துண்டுகள். தக்காளி இல்லை. காலையில் பறித்த கத்தரிக்காய். காம்போடு நாலாகக் கீறிப் போட்டது, எண்ணெயும் புளியும் ஏறி, தோல் கெடாமல் உள்ளே குழைந்திருந்தது. பெரியம்மா களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்கிவிட்டு, "எங்கம்மா கை" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் இன்னொரு உருண்டை வைத்தாள்.

பங்கு எப்படித் தொடங்கியது என்ற பேச்சு வந்தது. 2020 மே 5 அன்று தொற்றுப் பரவலால் கோயம்பேடு சந்தையை மூடினார்கள். சில நாளில் மொத்தக் காய்கறிச் சந்தை திருமழிசைக்குப் போனது. அந்த இடைவெளியில் இவர்கள் தோட்டத்தில் வெண்டை முற்றிக்கொண்டிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் நாராகிவிடும் காய் அது. கணவர் ஒரு குட்டியானையை வாடகைக்குப் பிடித்து, அம்பத்தூரில் தெருத்தெருவாக வந்தார். எங்கள் தெருவில் வாங்கியவர்கள் அவர் எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். அடுத்த தையில் முன்பணம் கொடுத்தோம். "அந்தப் பணம் வந்ததாலதான் அக்கா வட்டிக்கு வாங்காம வெத போட்டேன்" என்றார் அவர். உரக்கடையில் கடன் வைத்து, மண்டிக்காரர் சொல்லும் விலைக்குக் காயைத் தள்ளிவிட்டு வந்த காலத்தை அவர் கோபமில்லாமல்தான் சொன்னார். கேட்ட எனக்குத்தான் ஆறவில்லை.

தண்ணீரைப் பற்றியும் சொன்னார். கொசஸ்தலை, ஆரணியாறுப் பக்கத்துக் கிராமங்களில், வறண்ட ஆண்டுகளில் சென்னைக் குடிநீர் வாரியம் விவசாயக் கிணறுகளிலிருந்து தண்ணீரை விலைக்கு எடுத்திருக்கிறது. மோட்டாரைப் போட்டுவிட்டால் போதும். பயிர் வைக்கும் பாடு இல்லை. வயலைத் தரிசாகப் போட்டுத் தண்ணீரை விற்றவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்பத்தூர்க் குழாயில் வந்த தண்ணீரை நானும்தான் குடித்தேன். ஆனால் நகரம் அவர்களுடைய தண்ணீருக்குக் கொடுக்கும் விலையை அந்தத் தண்ணீரில் விளையும் கத்தரிக்காய்க்கும் கொடுத்தால் வயல் வயலாக இருக்கும்.

சாயங்காலம் வரை இருந்துவிட்டுப் போங்கள் என்று அவள் வற்புறுத்தியதன் காரணம் வெயில் தாழ்ந்ததும் புரிந்தது. பீர்க்கம்பூ மஞ்சளாக மலரத் தொடங்கியது. சற்று நேரத்தில் சுரைப்பூ, வெள்ளை வெளேரென்று, பந்தல் முழுக்க. சுரையும் புடலையும் இருட்டும் நேரத்தில் பூக்கிறவை. அந்துப்பூச்சிகள் வந்து மகரந்தம் சேர்க்கின்றன. பூச்சிமருந்து அடிக்காத பந்தலில் அவை படபடத்துக்கொண்டிருந்தன. சமையலறைக்கு வரும் ஒவ்வொரு சுரைக்காயும் இப்படி ஓர் அந்தியில் கருக்கட்டியதுதான்.

மீண்டும் அம்பத்தூர்

மறுநாள் கூடை வந்தது. சுரைக்காய், பீர்க்கங்காய், வெண்டை, நிறைய கொத்தவரை, கத்தரி, தண்டுக்கீரை, இரண்டு மாங்காய். பெரியம்மா தலைமையில் பக்கத்து வீட்டுப் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்தோம்.

முதலில் சுரைக்காயிலும் பீர்க்கங்காயிலும் ஒரு துணுக்கு நறுக்கி வாயில் வைத்துப் பார்த்தோம். கடும் வெயிலிலும் தண்ணீர் குறைந்தும் வளர்ந்த காயில் கசப்பு ஏறியிருக்கலாம். கசக்கும் சுரைக்காயை எந்த மசாலாவைப் போட்டும் சமைக்கக்கூடாது. வயிற்றையும் உயிரையும் பதம் பார்க்கும் நச்சு அது. தூக்கிப் போட்டுவிட வேண்டும். எங்களுடையது தித்திப்பாக இருந்தது. பொடியாக நறுக்கி, உப்பும் பாசிப்பருப்பும் போட்டு மூடிவைத்தார் பெரியம்மா. தண்ணீர் ஒரு சொட்டும் விடவில்லை. காயே விட்டுக்கொண்டது. கடைசியில் தேங்காயும் சீரகமும் அரைத்து ஊற்றிய கூட்டு, வெயிலில் வந்தவர்களுக்கு மருந்தாக இருந்தது.

பீர்க்கங்காய்த் தோலை எறியவிடவில்லை. நரம்பைச் சீவியெடுத்து, எண்ணெயில் வதக்கி, உளுத்தம்பருப்பும் காய்ந்த மிளகாயும் புளியும் சேர்த்து அம்மியில் துவையல். வெண்டைக்காயைக் கழுவித் துணியில் ஒற்றிக் காயவைத்த பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும். ஈரத்தோடு நறுக்கினால் கொழகொழப்பு போகாது. வதங்கும்போது ஒரு கரண்டி புளித்த மோர் தெளித்தோம். கத்தரிக்காயோடு மாங்காய், தெருமுனை வீட்டு மரத்து முருங்கைக்காய், பலாக்கொட்டை போட்டுக் குழம்பு. இந்த நான்கும் ஒன்றாகக் கிடைப்பது கோடையில்தான். திருவள்ளூர் ஆயா கொடுத்த தோசைக்காய் பருப்போடு வெந்தது. அன்றைய சமையலில் புளி இருந்தது, மாங்காய் இருந்தது, மோர் இருந்தது. சாப்பிட்டவர்கள் யாரும் தக்காளியைக் கேட்கவில்லை.

மிஞ்சிய கொத்தவரையில் பாதியைப் பருப்பு உசிலி செய்தோம். மீதியை உப்பு மோரில் ஒரு கொதி விட்டு, மொட்டை மாடியில் பழைய வேட்டியில் பரப்பினோம். கத்திரி வெயிலில் அது வற்றலாகச் சுருங்க அதிக நாள் ஆகவில்லை. ஐப்பசி மழையில் காய் விலை ஏறும்போது வற்றல்குழம்புக்கு அது கைகொடுக்கும். கூடையில் ஒரே காய் அளவுக்கு மீறி வருகிறதே என்பவர்களுக்கு நம் முன்னோர் வைத்துவிட்டுப் போன வழி இது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் தெருவில் பத்து வீடு சேர்ந்தால் ஒரு சிறு தோட்டத்தைத் தாங்கலாம். கூடை சித்திரையில் வேண்டுமென்றால் பணம் தையில் போய்ச் சேர வேண்டும். விதைக்கும் உழவுக்கும் காசு தேவைப்படுவது அப்போதுதான். அதற்கு ஆள் சேரும் வரை, விடிகாலையில் அருகிலுள்ள உழவர் சந்தைக்குப் போங்கள். சுரை, பீர்க்கை, கொத்தவரை, புடலை என்று நாட்டுக்காய்களைக் கேட்டு வாங்குங்கள். விற்கிறவரிடம் எந்த ஊர் என்று கேளுங்கள். கீரைக் கட்டு பத்து ரூபாய் என்றால் பத்து ரூபாயே கொடுங்கள்.